பன்றிப் பாதையில் விட்ட தண்ணீர்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நாள் இங்கிலாந்திலிருந்து ஒரு பிர்கா வந்தது. எல்லையோடும் ஊர்களோடும் காடுகளோடும் முழுசாக, மின்னஞ்சலில். வந்த அன்று அது பிர்கா மாதிரியான ஒன்று என்பது யாருக்கும் தெரியாது. தலைப்பில் ‘ஹண்ட்ரட்’ என்று மட்டும் இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரு முறை திரையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக நான் காத்திருந்த பார்வை அது.

நான் எம்.ஏ. சரித்திரம். பாளையங்கோட்டையில்தான் படித்தேன். சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். பஞ்சாலையில் ஷிப்டு முடித்து சைக்கிளில் வரும் அப்பாவும், கல்லூரி முடித்து வரும் நானும் பல நாள் வாசலில்தான் சந்தித்துக்கொள்வோம். “என்னத்தட்டி படிச்ச இன்னைக்கி?” என்பார். இங்கிலாந்து சரித்திரம் என்பேன். “அவனுவ நம்ம சரித்திரத்தப் படிக்கானுவளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விடுவார். படித்து முடித்த பிறகு அந்தச் சரித்திரத்தை என்னிடம் கேட்டவர் யாருமில்லை. கல்யாணம் பேச வந்தவர்கள்கூடக் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகம் பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. பழைய வரைபடங்களைக் கணினியில் திரும்ப வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். கையால் வரைந்த படத்தை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அதை அடியில் போட்டுக்கொண்டு மேலே கோடு கோடாக வரைவோம். சாலைக்கு ஓர் அடுக்கு, தண்ணீருக்கு ஓர் அடுக்கு, எல்லைக்கு ஓர் அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் வரைந்தவரின் முதலெழுத்து இருக்கும். நாங்கள் பத்துப் பேர். முதலாளி ஒரு காலத்தில் நில அளவையில் இருந்தவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் முதலில் கோடு போட்டேன், பிறகு மற்றவர்கள் போட்ட கோட்டைச் சரிபார்ப்பவள் ஆனேன். என் கண்ணுக்குத் தப்பிய கோடு கிடையாது என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

வேலையை அனுப்பியது இங்கிலாந்தில் ஓர் ஊர்ச் சரித்திரச் சங்கம். அதன் செயலாளர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். சங்கத்து உறுப்பினர் ஒருவர் பென்சிலும் மையுமாகக் கையால் வரைந்த படம் நாலு தாளில் இருந்தது. மேடு பள்ளம் காட்டும் தாள் ஒன்று தனியாக இருந்தது. கூடவே நாற்பது பக்கத்துக்கு அந்த ஹண்ட்ரடின் சரித்திரம். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று மட்டும் படத்தில் எழுதியிருக்கவில்லை. வரைந்தவருக்கு அவர் ஊர் தெரியும், அதனால் எழுதத் தோன்றியிருக்காது.

அண்ணாச்சி வந்து என் மேசையில் கை ஊன்றினார். “ஏம்மா, இது என்ன சாமான்? நம்ம பிர்கா மாதிரியா, தாலுகா மாதிரியா?”

“ரெண்டுக்கும் நடுவுல அண்ணாச்சி. மத்தியானம் டீ வரட்டும், சொல்லுதேன்” என்றேன். அன்றைக்கு டீ வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு வாரம் தினமும் டீ நேரத்தில் மத்திய கால இங்கிலாந்துதான். பல ஊர் சேர்ந்தது ஒரு ஹண்ட்ரட், பல ஹண்ட்ரட் சேர்ந்தது ஒரு ஜில்லா, எல்லை எல்லாம் ராஜா போட்டது. நூறு குடும்பத்தை எண்ணி அந்தப் பெயர் வந்ததா, நூறு பங்கு நிலத்தை எண்ணி வந்ததா என்பதில் படித்தவர்களுக்கே இன்னும் தகராறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊர்க்காரர்கள் வழக்குப் பேசக் கூடுவார்கள். அதற்குக் கட்டடம் கிடையாது. ஒரு மண்மேடு, ஒரு பெரிய மரம், இல்லையென்றால் ஆற்றைக் கடக்கிற துறை. எல்லா ஊருக்கும் நடந்து வரத் தோதான இடமாகப் பார்த்திருப்பார்கள்.

“மழ பெஞ்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“நனைவாவ” என்றேன்.

“அந்த ஊர்ல எப்பவும் மழதானக்கா பெய்யும்?”

“அப்ப எப்பவும் நனைவாவ.”

திருடனைப் பார்த்தவன் கூச்சல் போட வேண்டும், கூச்சல் கேட்டவன் எல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து துரத்த வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதைச் சொன்ன மறுநாளிலிருந்து டீக்காரர் படியேறும் சத்தம் கேட்டால் ஒருவர் கூவுவார், மற்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அண்ணாச்சிக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. இன்னொன்றும் சொன்னேன். பன்னிரண்டு வயது தாண்டிய ஆண்கள் எல்லாம் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். ஒருவன் தப்புச் செய்துவிட்டு ஓடினால் மீதி ஒன்பது பேரும் அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது பேருக்கும் தண்டம்.

“நாமளும் பத்துப் பேருதான். நீங்க தப்புப் பண்ணுனா நாங்க ஒம்பது பேரும் மாட்டணும், அப்படித்தான?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“நான் தப்புப் பண்ணுனாத்தான?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்தப் பெருமைக்கு நடுவில் ஒரு காரியத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. நாற்பது பக்கத்தில் ஒன்பது பக்கம் முழுக்கப் பன்றிகளைப் பற்றியது. யாருடைய பன்றிக்கு எந்தக் காட்டில் பங்கு, எந்த மாதம் ஓட்டிப் போவார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் படித்தது சரித்திரம், கால்நடை மருத்துவம் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அந்த ஒன்பது பக்கத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

தண்ணீர் அடுக்கு ஒரு பிள்ளையிடம் போயிற்று. ராதாபுரம் தாண்டிக் கடற்கரை ஓரத்து ஊர் அவளுக்கு. வீட்டில் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர்கள். பூகோளம் படித்துவிட்டு வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்பது அண்ணாச்சியின் வழக்கம். அந்த நிரந்தரம் அவளுக்கு எவ்வளவு அவசியம் என்பதை அவளே சொல்லியிருக்கிறாள். “வேல நிக்கலன்னா பேசாம ஊருக்கு வந்துரணும்னு அப்பா சொல்லியிருக்காவக்கா. போனேன்னா மாப்பிள்ள பாத்து முடிச்சு வச்சிருவாவ. அப்புறம் எங்க வேல, எங்க பாளையங்கோட்ட” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் சொல்லி முடித்ததும் போட்ட கோட்டை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்ப்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள். படத்தில் ஊர்கள் எல்லாம் வடக்கே வரிசையாக இருந்தன, காடு தெற்கே. ஒவ்வோர் ஊரிலிருந்தும் காட்டை நோக்கி நீளமாக இரட்டைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போயிற்று. சில இடத்தில் அகலமாக, சில இடத்தில் ஒடுங்கி. வழியில் அங்கங்கே சின்ன வட்டங்கள். படம் வரைந்தவர் சாலைகளைப் புள்ளிக்கோட்டால் தனியாகக் காட்டியிருந்தார்.

“யக்கா, இந்த ரெட்டக் கோடு என்னன்னு தெரியல” என்றாள்.

நான் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “வாய்க்கால்” என்றேன். எனக்கா தெரியாது? மலையிலிருந்து ஆறு இறங்கி வந்ததும் முதல் அணைக்கட்டு எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். அங்கே பிரிகிற கால்வாய் வளைந்து வளைந்து போய் ஒரு குளத்தை நிரப்பும், அது நிரம்பி அடுத்த குளத்துக்குப் போகும். கால்வாயில் குளித்து, கால்வாயில் துவைத்து, கால்வாயில் செருப்பைத் தொலைத்து வளர்ந்தவள் நான். இரட்டைக் கோடு கால்வாய், வட்டம் குளம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காட்டிலிருந்து. காடு என்றால் மலை, மலை என்றால் தண்ணீர். இதற்கு எதற்கு யோசனை?

அவள் விடவில்லை. “மேடு பள்ளத் தாள அடியில போட்டுப் பாத்தேன்க்கா. காடு பள்ளத்துல இருக்கு, ஊரெல்லாம் மேட்டுல இருக்கு. தண்ணி மேட்டுலயா ஏறும்?”

“நம்பர மாத்திப் படிச்சிருப்ப. காடு எங்கயாவது பள்ளத்துல இருக்குமாட்டி?”

“எங்க ஊர்ப் பக்கம் காடெல்லாம் சமதரையிலதானக்கா கெடக்கு” என்றாள். பிறகு பைய ஒரு கேள்வி கேட்டாள். “கடல்ல நீவாடு, நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குன்னு பாத்துத்தான் அப்பா வல போடுவாவ. இதுல தண்ணி எந்தப் பக்கம் இழுக்குன்னே தெரியலையே?”

அப்போது நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. “கடக்கரைக்காரிக்கு வாய்க்காலப் பத்தி என்னட்டி தெரியும்? உப்புத் தண்ணியில பொறந்தவ நீ. சொன்னதப் போடு” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் காது சிவந்துபோயிற்று. அப்புறம் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு இரட்டைக் கோட்டையும் நீலமாக வரைந்தாள். வட்டங்களையும் நீலத்தால் நிரப்பினாள். நான் சரிபார்த்து, சரி என்று போட்டு அனுப்பினேன். போகும்போது படம் ரொம்ப அழகாக இருந்தது. தாமிரவருணிக் கரையைத் தூக்கிக்கொண்டு போய் இங்கிலாந்தில் வைத்த மாதிரி பச்சையும் நீலமுமாக இருந்தது.

புதன்கிழமை பதில் வந்தது. அவர்கள் காலைக் காப்பி குடிக்கும் நேரம், எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். அண்ணாச்சி வாசித்துக்கொண்டே வெளியே வந்தார். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். படம் மிக நேர்த்தியாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். எங்கள் குன்று சுண்ணாம்புக் குன்று, பெய்த மழை அரை மணி நேரம்கூட மேலே நிற்காது. அதன் மேல் இத்தனை கால்வாயை ஏற்றியது யார்? நீங்கள் நீலமாகக் காட்டியிருப்பவை பன்றிகளை ஓட்டிச் சென்ற பாதைகள். இருந்தாலும் அந்தப் பன்றிகள் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். அந்த ஜில்லாவில் இன்னும் பல ஹண்ட்ரட் இருந்தன. இது சரியாக வந்தால் எல்லாம் எங்களுக்கு என்று பேச்சு. “பன்னி போன பாதையில தண்ணிய விட்டது யாரு?” என்றார் அண்ணாச்சி.

மத்திய கால இங்கிலாந்தாக இருந்தால் ஒன்பது பேர் சேர்ந்து பத்தாவது ஆளைப் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார். நான் என் திரையைப் பார்த்தேன். அண்ணாச்சி தண்ணீர் அடுக்கைத் திறந்தார். அதில் அந்தப் பிள்ளையின் முதலெழுத்து இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தது போலத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்தப் பிள்ள இன்னும் நிரந்தரம் இல்லல்லா? இந்த மாசத்தோட நிப்பாட்டிருவோம்மா. வேற ஆளப் பாப்போம். அவள ஒரு விளக்கம் மட்டும் எழுதித் தரச் சொல்லு, இங்கிலாந்துக்கு அனுப்பணும்” என்றார்.

“பாக்கலாம் அண்ணாச்சி” என்றேன். பயந்துவிட்டேன், வேறு காரணம் இல்லை. வயது ஐம்பதை நெருங்குகிறது, இப்போதெல்லாம் பாதிக் கோட்டைக் கணினியே போட்டுவிடுகிறது, சரிபார்க்கிறவள் கண்ணே பழுது என்று தெரிந்தால் எனக்கு அங்கே என்ன வேலை? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் சொல்லச் சொல்லக் கோபம்தான் வந்தது. முதலில் அந்த அம்மாள் மேல், பிறகு விளக்கம் எழுதாமல் படம் வரைந்த மனிதர் மேல், கடைசியில் பன்றிகள் மேல்.

வியாழக்கிழமை அந்த ஒன்பது பக்கத்தையும் எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க என் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஹண்ட்ரடின் உயிரே அந்த ஒன்பது பக்கத்தில்தான் இருந்தது. மேட்டில் இருந்த ஊர்களுக்குக் காடு கிடையாது. கீழே களிமண் பள்ளத்தில் பெருங்காடு. ஓக் மரத்துக் கொட்டைகள் உதிரும் பருவத்தில் ஒவ்வோர் ஊரும் தன் பன்றிகளைப் பத்திக்கொண்டு பல மைல் இறங்கிப் போகும். பன்றிகள் தின்று கொழுக்கும் வரை மேய்ப்பர்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போட வருகிறவர்கள் நம் பக்கம் தங்குவது மாதிரி. குடிசை வருஷா வருஷம் நின்று, வீடாகி, சின்ன ஊராகிவிட்டது. ஊரான பிறகும் அது மேட்டிலிருந்த தாய் ஊருக்கே சொந்தம். அதனால்தான் படத்தில் காட்டுக்குள் சில துண்டு நிலங்கள் தூரத்து ஊர்களின் பெயரோடு தனித்தனியாகக் கிடந்தன. வழக்கு என்று வந்தால் பக்கத்து மரத்தடிக் கூட்டத்துக்குப் போக முடியாது, பன்றி வந்த பாதையிலேயே அத்தனை மைலும் மேடேறித் தன் ஹண்ட்ரடுக்குத்தான் போக வேண்டும். வட்டங்கள் எல்லாம் வழியில் பன்றிகள் தண்ணீர் குடித்த குட்டைகள். ஆக, வட்டத்தில் மட்டும் நான் பாதி சரி.

ராஜா போட்ட எல்லை என்று நான் ஒரு வாரம் டீயோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்தேனே, அந்த எல்லையைப் பாதிக்கு மேல் போட்டது பன்றிகள். இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல முடியவில்லை. சொன்னால், முதலிலேயே ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். அவ்வளவு நல்ல விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லாத கஷ்டம்.

அந்தப் பிள்ளை அந்த இரண்டு நாளும் நீலத்தை எல்லாம் அழித்துப் பாதையாக மாற்றிக்கொண்டிருந்தாள். டீக்கு எழுந்து வரவில்லை. கூவுவதற்கும் யாருக்கும் மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தாள்.

“யக்கா, மாசக் கடைசியோட நின்னுக்கிடச் சொல்லி, விளக்கமும் கேட்டாவ அண்ணாச்சி. எழுதிட்டேன். என் இங்கிலீசு உங்களுக்குத் தெரியும்லா, கொஞ்சம் சரிபாத்துத் தாங்க.”

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. முதல் வரியில் ஓர் எழுத்து விட்டிருந்தது, போட்டேன். இரண்டாவது வரியில், பாதைகளைக் கால்வாய் என்று நான் தவறாக எண்ணி வரைந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். மூன்றாவது வரியில், எனக்கு அனுபவம் குறைவு, மன்னிக்கவும். அவ்வளவுதான். என் பேர் இல்லை. அக்கா சொன்னாள் என்று இல்லை. மேடு பள்ளத் தாளை நான் போட்டுப் பார்த்தேன் என்றுகூட இல்லை.

பேனா இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. என் தொழில் சரிபார்ப்பது. இத்தனை வருஷத்தில் தப்பென்று தெரிந்த ஒன்றைச் சரியென்று போட்டு அனுப்பியதில்லை. அதுதான் என் மரியாதை, வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. அந்தத் தாளைச் சரியென்று எப்படிப் போடுவது? தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “வெச்சிருக்கேன், நீ போ” என்று அவளிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சியின் அறைக்குப் போனேன்.

அவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசுவேன் என்று எனக்கே தெரியும்.

“அண்ணாச்சி, அந்த வாய்க்கால் அவ போட்டது இல்ல. நான் போடச் சொன்னேன். அவ அன்னைக்கே சொன்னா, தண்ணி மேட்டுல ஏறுதுன்னு. நான்தான் அவள ஏசி வாய அடச்சேன். புதங்கெழமயே சொல்லியிருக்கணும், சொல்லல.”

அண்ணாச்சி பழத்தைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, உனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இத்தன வருசத்துல நீ ஒரு தப்பயும் ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல.”

“தப்புப் பண்ணுனாத்தான ஒத்துக்கிடதுக்கு” என்று வாய் வரை வந்துவிட்டது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன்.

அவர் பழத்தை அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். கோபம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார். “அப்போ அந்தப் பிள்ளைக்குக் கண்ணு இருக்கு, நிரந்தரம் பண்ணிருவோம். இனிமே தண்ணி அடுக்கும் மேடு பள்ளமும் அவ பாக்கட்டும். நீ வரஞ்சாலும் அவ பாத்துத்தான் போவணும். சம்மதமா?”

சம்மதமா என்று கேட்டால்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வாய்? சம்மதம் என்றேன். விளக்கத்தை நானே எழுதினேன். எங்கள் ஊரில் காடு மலை மேல் இருக்கிறது, ஆறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது, அதனால் உங்கள் காட்டையும் நான் மலை மேல் ஏற்றிவிட்டேன், என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தடுத்தும் கேட்கவில்லை, பன்றி அத்தியாயத்தையும் படிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். அதற்கு அடுத்த வாரம் வந்த பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் என் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தாராம். அவர்களுடைய உறுப்பினர்களிலேயே பாதிப் பேர் பன்றி அத்தியாயத்தைப் படித்ததில்லையாம். நீலப் படத்தை அழித்துவிட வேண்டாம், சங்கத்து அறைச் சுவரில் மாட்ட அதிலும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார். அடுத்த ஹண்ட்ரடும் கூடவே வந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் தெரியாது. அண்ணாச்சி அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது அந்தப் பிள்ளையின் நாற்காலி காலியாக இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறாள் என்றார்கள். அண்ணாச்சி சொன்னதை நானே அவளிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. விளக்கத்தை அனுப்பிவிட்டுப் படியிறங்கி பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அந்த வெயிலில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடியதை ஜெராக்ஸ் கடைக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

திசையன்விளை பஸ் நிற்கும் இடத்தில் அவள் நின்றாள். தோளில் ஒரு பை, காலடியில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அந்த பக்கெட்டைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஹாஸ்டல் பிள்ளைகள் சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது அழுக்குத் துணியைக் கொண்டு போவார்கள். பக்கெட்டைக் கொண்டு போகமாட்டார்கள். பக்கெட்டோடு ஒருத்தி பஸ்ஸுக்கு நின்றால் அறையைக் காலி செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

“எங்கட்டி போற, பக்கெட்டத் தூக்கிக்கிட்டு?” என்றேன். மூச்சு வாங்கியது.

“ஊருக்குத்தான்க்கா. மாசக் கடைசியில மொத்தமா தூக்க முடியாதுல்லா, இப்பவே கொஞ்சம் கொஞ்சமா…” என்று இழுத்தாள்.

“ஒண்ணும் தூக்க வேண்டாம். அண்ணாச்சி உன்ன நிரந்தரம் பண்ணிட்டாவ. தண்ணி அடுக்கு, மேடு பள்ளம் எல்லாம் இனிமே நீதான் பாக்கணும். நான் வரஞ்சதயும் நீதான் பாக்கணும்.”

அவளுக்குப் புரியவில்லை. “யாரு சொன்னா?”

“அண்ணாச்சிதான் சொன்னாவ. நான் போயி எல்லாத்தையும் சொன்னேன். வாய்க்கால்னு நான்தான் சொன்னேன்னு சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்வோமே, அந்த மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நீங்க சொல்லுவியன்னு நான் நெனைக்கவே இல்லக்கா.”

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. மூன்று நாளில் ஒரு நிமிஷம்கூட அவள் அப்படி எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமை அவள் என்னைப் பார்த்தபோது காத்திருந்தாள் என்று நான் நினைத்தேனே, அதுவும் தப்பு. காத்திருக்கக்கூட இல்லை. என்னோடு ஐந்து மாதம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்னைப் பற்றி எடுத்து வைத்திருந்த கணக்கு அது. இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம் எனக்கு உறைக்கவில்லை, அண்ணாச்சி சொன்னது உறைக்கவில்லை, இது உறைத்தது. நன்றாகவே உறைத்தது.

“நானும் நெனைக்கல” என்றேன். அது உண்மை.

அப்போதுதான் அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் வந்து நின்றது, கூட்டம் முட்டியது. அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி பக்கெட்டை என் கையில் திணித்தாள்.

“இத ஹாஸ்டல்ல குடுத்துருங்கக்கா. திங்கக்கெழம வந்துருதேன்.”

பஸ் போன பிறகு அந்தப் பச்சை பக்கெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எதிரே வந்தார்கள். என்ன, வீடு மாறுதியளா என்று ஒருவர் கேட்டார். வெட்கமாகவும் இருந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாகவும் இருந்தது. உள்ளே ஒரு சோப்பு டப்பா கிடந்தது, நான் நடக்க நடக்க அது பாட்டுக்கு லொடலொடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.